இரண்டு பேருக்காக வாசித்த பட்டியல்

"சார், இந்த ஊர்ல தமிழாளுக இருக்காகளா?"

"இருக்காங்க."

"எத்தன பேரு?"

"உங்களோட சேத்து நாலு பேரு."

படகிலிருந்து இறங்கி நின்ற அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். தோளில் தூங்கிய குழந்தையைப் பார்த்தாள். கணக்கு உதைத்தது போலிருக்கிறது. "நாங்க மூணு பேருதான. இன்னொரு ஆளு யாரு?"

"நான்தான்."

சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவள் புருஷனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐயா, வாக்குமூலத்தை இந்தப் பேச்சிலிருந்து தொடங்கினால் நல்லது என்று எனக்குப் படுகிறது. பெயர், உத்தியோகம் என்று வரிசையாகத்தான் கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெகநாதன். வயது முப்பத்தாறு. மதுரை ஜில்லா. தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. கேவ்டா நல்லா குடியேற்றத்தில் பட்வாரி. குடியானவர்களின் நிலத்தை அளப்பதும், சர்க்கார் கொடுப்பதை அவர்கள் கையில் சேர்ப்பதும் என் வேலை. நீங்கள் போர்ட் பிளேயரிலிருந்து இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. அதனால் ஊரையும் கொஞ்சம் சொல்கிறேன். நாம் இப்போது இருக்கும் இந்த ரங்கத்திலிருந்து உப்பங்கழியில் படகு விட்டால் காலையில் ஏறி வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். கழியின் இரண்டு கரையிலும் தாழம்புதர். கேவ்டா என்றால் தாழை, நல்லா என்றால் ஓடை. காட்டு வழியாக நடந்தால் அரை நாள், மழையில் அதற்கும் மேலே.

அங்கே குடியிருப்பவர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள். நல்ல மனிதர்கள். பூஜைக்குக் கூப்பிடுவார்கள். மீன் பிடித்தால் எனக்கும் இரண்டு கொடுத்தனுப்புவார்கள். நாங்கள் இந்தியில் பேசிக்கொள்வோம். அவர்களுக்கும் அது சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. இரவல் செருப்புப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து நடப்பது போல இருக்கும். குளிக்கும்போது மட்டும் தமிழில் எனக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்வேன். தண்ணீர் சில்லென்று இருக்கிறது, இன்றைக்கு ரசம் வைக்கலாம், அந்த மாதிரி.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். ஒரு வங்காளிக் குடும்பம் விட்டுவிட்டுப் போன மனையும் வயலும் அவர்களுக்குக் கிடைத்தது. முத்துமணி, அவர் மனைவி செல்லம், மகள் ருக்கு. பரமக்குடிப் பக்கம். ஏழெட்டு வருஷமாக மழை ஏமாற்றிய ஊரிலிருந்து, மழை விடாத ஊருக்கு.

முதல் வருஷம் அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் நான் வேண்டியிருந்தது. ரேஷன், மண்வெட்டி, மாட்டுக் கடன், விதைநெல். முத்துமணி கிண்டலாகப் பேசுவார். ஒருநாள் காலெல்லாம் ரத்தத்தோடு என் ஆபீஸ் குடிசைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"சார், அட்டைக்கும் பட்டா குடுத்துருக்கீகளா? எங்க வயல்ல எனக்கு முந்தியே குடியிருக்கு."

"அதுக்கு மாட்டுக் கடன் மட்டும் குடுக்கல."

"ஏன் குடுக்கணும்? அதான் என் மாட்டக் குடிக்குதே."

இப்படி ஒரு பேச்சு நடந்தால் எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். கேட்டதை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருப்பேன்.

செல்லம் ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்க வந்தவள், "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன். ஆபீஸில் அப்படிக் கூப்பிடக் கூடாது, சார் என்றே சொல் என்றேன். முத்துமணி வாசலில் நின்றிருந்தார். "அட, அண்ணன்னா எனக்கு நீங்க மச்சான் மொறையில்ல? மச்சான் கெடைக்கிறாருன்னு பாத்தேன், கெடுத்துப்புட்டீகளே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர்கள் பேச்சில் நான் திருத்தியது அந்த ஒரு சொல்லைத்தான்.

மூன்றாம் வருஷம் நல்ல விளைச்சல். கேவ்டா நல்லாவில் அப்படி ஒரு நெல்லை நான் பார்த்ததில்லை. கடனில் பாதியைக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு ஆபீஸ் பக்கம் வரவில்லை. வருத்தமாகச் சொல்லவில்லை, வேலை இருப்பவர்கள் எதற்கு வருவார்கள். ஒருநாள் எல்லைக்கல் பார்க்கப் போகிற சாக்கில் அவர்கள் வரப்பு வழியாகப் போனேன். முத்துமணி ஏரை நிறுத்தாமல் கையை ஆட்டினார். செல்லம் பக்கத்து வயலில் ஹரிபதா மண்டலின் மனைவியோடு சேர்ந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்குள் வங்காளி பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தேவை இருக்கிறவர்கள் வந்து உட்காருவார்கள், தேவை தீர்ந்தவர்கள் கையாட்டுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை ஒரு குற்றமாக நான் யார் மேலும் சொல்லவில்லை.

அறுபத்து மூன்று ஐப்பசியில் புயல் அடித்தது. கடல் கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த வயல்களுக்குள் வந்து நின்றது. பால் பிடித்த நெல்லெல்லாம் போயிற்று. முத்துமணியின் மாடு இரண்டும் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன. உப்புத்தண்ணீர் நின்ற வயல் ஒரு மழைக்காலம் கழுவினால்தான் திரும்பும். சர்க்கார் உதவிப் பணம் கொடுப்பதாக உத்தரவு வந்தது. நான் ஒவ்வொரு வயலாக நடந்து அளந்தேன். ஒரு முழம்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. என் அளவை இன்றுவரை யாரும் தப்பு என்று சொன்னதில்லை, ஹரிபதா உட்பட.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி மிகவும் நேர்மையானவர். உதவிப் பணம் இருட்டில் கொடுக்கப்பட்டால் யாருக்குப் போகிறது என்று தெரியாது, எல்லாம் வெட்டவெளியில் நடக்க வேண்டும் என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். அந்த முறையில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. யார் யாருக்கு எவ்வளவு என்கிற பட்டியலை ரேஷன் கொட்டகைக்கு முன்னால் பலகையில் ஒட்ட வேண்டும். ஊரில் எத்தனை பாஷை பேசுகிறார்களோ அத்தனையிலும் சத்தமாக வாசிக்க வேண்டும். பலகைக்குக் கீழே ஒரு பூட்டிய மண்ணெண்ணெய் டின் தொங்கும். பட்டியலில் உள்ள யாருக்காவது உதவி போகக் கூடாது என்று நினைப்பவர்கள் எழுதி அதில் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. ஏழைகள் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக அப்படி. அடுத்த சந்தை நாளில் எல்லார் முன்னிலையிலும் டின்னைத் திறக்க வேண்டும். பெயரில்லாத ஆட்சேபணை வந்தால் அதிகாரி நேரில் வந்து விசாரிக்கும்வரை அந்தப் பணம் நிற்கும்.

வாசிப்பு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தியில் நான் வாசித்தேன். வங்காளியில் பள்ளிக்கூட மாஸ்டர் வாசித்தார். அவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். பிறகு தமிழ். கொட்டகைக்கு முன்னால் வெட்டிப் போட்டிருந்த மரத்தின் மேல் முத்துமணியும் செல்லமும் உட்கார்ந்திருந்தார்கள். ருக்கு அம்மா மடியில். ஊருக்கே உண்டான பட்டியலை அந்த இரண்டு பேருக்காக முதல் பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"சார், எங்க பேர மட்டும் வாசிச்சாப் பத்தாதா?" என்றார் முத்துமணி. "மண்டலு, பிஸ்வாசு, ஹால்தாருன்னு கேட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?"

"சட்டம் அப்படித்தான் இருக்கு."

"நீங்க வாசிங்க சார்," என்றாள் செல்லம். "கோயில்ல ஆயிரம் நாமம் கேட்டாப்புல இருக்கு. எம்புட்டு நாளாச்சு இப்பிடி ஒக்காந்து தமிழ் கேட்டு."

நான் மெதுவாக வாசித்தேன். தொகைகளை முழுச் சொற்களில் சொன்னேன். ருக்கு தூங்கிவிட்டாள். அவர்கள் பெயர் கடைசியில் இருந்தது, கடைசியாகக் குடியேறியவர்கள் என்பதால். ஒரு ஜோடி மாடும் விதைநெல்லும் வாங்கிப் பழையபடி எழுந்து நிற்கப் போதுமான தொகை. அதை வாசித்துவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று, கடைசிக்கு முந்தின பெயருக்கு வந்தபோதே எனக்குத் தோன்றிவிட்டது. பணத்தை வாங்கினால் மாடு வாங்குவார்கள். மாடு வந்தால் ஏர் பூட்டுவார்கள். வரப்பில் போனால் கையாட்டுவார்கள்.

சந்தை நாளில் டின்னைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு தாள் இருந்தது. முத்துமணி அந்த வருஷம் விதைக்கவே இல்லை, தரிசு நிலத்துக்குப் பணம் வாங்குகிறார் என்று இந்தியில் எழுதியிருந்தது. விதிப்படி அதையும் மூன்று பாஷையில் வாசித்தோம். தமிழில் வாசித்தபோது என் குரல் சரியாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தத் தாளை எழுதிப் போட்டவன் நான். கையெழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினேன்.

கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, ஐயா. இரண்டு மூன்று மாதம் தாமதமாகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதிகாரி வருவார், வயலைப் பார்ப்பார், பணம் வந்துவிடும். அதுவரை அவர்கள் வந்து போவார்கள். ஆனால் அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு வெகுநாள் யாரும் வரவில்லை. நினைவூட்டி ஒரு கடிதமும் நான் எழுதவில்லை.

யார் எழுதியிருப்பார்கள் என்பதை ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. ஹரிபதாவின் வயல் முத்துமணியின் வயலை ஒட்டியது. உடைந்த கரையை யார் கட்டுவது என்று இரண்டு பேருக்கும் அந்த மாதம் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்திருந்தது. ஹரிபதா என் ஆபீசுக்கு வந்தார். தாதா, அதாவது அண்ணன் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். கைகூப்பி நின்றார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"பாபு, எனக்கு எழுதவே தெரியாது. உங்ககிட்டயே கட்டைவிரலைத்தானே நீட்டுறேன். அந்த ஆளுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இது ஹரிபதா இல்லேன்னு."

"எழுதினவங்க யாரு, யாரில்லைன்னு நான் பேசக் கூடாது, தாதா. அதுதான் விதி" என்றேன்.

விதி அப்படித்தான். நான் பொய் சொல்லவில்லை.

முத்துமணி கொட்டகை வாசலில் எல்லார் எதிரிலும் இந்தியும் தமிழுமாக அவரைக் கேட்டார். "எழுதத் தெரியலேன்னா எழுதிக் குடுக்க ஊர்ல ஆளா இல்ல? ஒரு தட்டுல மீனு தின்னோமே தாதா. வயித்துல அடிச்சிட்டியே." ஹரிபதா காளி மேல் சத்தியம் செய்தார். முத்துமணி காறித் துப்பிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு இல்லை. செல்லம் களை பறிக்கத் தனியாகத்தான் போனாள். வங்காளி பேசுவதை விட்டுவிட்டாள்.

அந்த ஒன்றரை வருஷம்தான் என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த காலம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. சந்தை நாள்தோறும் மூன்று பேரும் வருவார்கள். அதிகாரி எப்போது வருவார் என்று முத்துமணி கேட்பார். மனு எழுதலாம் என்பேன். எழுதுவேன். ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுவேன். அதில் அவர் ஒரு சொல்லை மாற்றச் சொல்வார், செல்லம் வேறொன்று சொல்வாள், புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு ஒரு சண்டை போடுவார்கள்.

"'பணிவுடன்'னு எத்தன எடத்துலதான் எழுதுவீக? நம்ம என்ன பிச்சையா கேக்குறோம்?" என்பார் அவர்.

"ஒங்க பவுச எல்லாம் அட்டைகிட்ட காட்டுங்க. சார் எழுதட்டும்" என்பாள் அவள்.

டீ போட்டுக் கொடுப்பேன். செல்லம் சில நாள் கீரையோ நண்டுக் குழம்போ கொண்டுவருவாள். முத்துமணி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த மனுக்களை நான் அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை. எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் மேசை மேல் இருக்கும் கட்டு அதுதான்.

அவர்களைப் பட்டினி போட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் சம்பளத்தில் அரிசி வாங்கிக் கொடுத்தேன். ருக்குவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் சர்க்கார் தொகைக்கு மேலேயே ஆகியிருக்கும். மாடு மட்டும் வாங்கிக் கொடுக்கவில்லை.

ஒரு தடவை அவர்கள் வீட்டில் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, இந்த வீட்டோடேயே நானும் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன். தனியாக ஒரு மனிதன் தனக்கென்று சமைத்துக்கொள்வது எவ்வளவு வீண் வேலை என்று சொல்லி, சிரித்தபடி கேட்டுவிடலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. முத்துமணி என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அவரிடமே கேட்பது சரியாகத் தோன்றவில்லை.

மாடு இல்லாததால் அவர் மரம் வெட்டும் கூலிக்குக் காட்டுக்குப் போக ஆரம்பித்தார். காட்டில் கொசு அதிகம். இந்த வருஷம் ஆடி மாதம் காய்ச்சலோடு திரும்பினார். ஒருநாள் காலை செல்லம் மழையில் தனியாக ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அவுகளுக்குக் காச்சல் தலைக்கேறிருச்சு. என்னையே யாருங்குறாக. ரங்கத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்."

"கொண்டு போகத்தான் வேணும்."

"நம்ம கரையில தாதாகிட்ட மட்டுந்தான் டிங்கி கெடக்கு. நெனப்பு இருந்தப்ப இவுக சொன்னாக, அவன் படகுல ஏத்துனா தண்ணியில குதிச்சிருவேன்னு. நானும் அந்த வாசல மிதிச்சு ஒன்றர வருசம் ஆச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையோ கண்ணீரோ தெரியவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். விதி கிதியெல்லாம் வேணாம், என்னப் பாத்துச் சொல்லுங்க. அந்தக் காயிதத்த எழுதுனது தாதாவா, இல்லையா? இல்லேன்னு நீங்க சொன்னா இப்பவே ஓடி அவரு கால்ல விழுந்து படகக் கேப்பேன். அவருதான்னா, வகுத்துல அடிச்சவன் படகுல எம்புருசன எப்பிடி நம்பி ஏத்துவேன்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால், அப்படியென்றால் யார் என்று அடுத்ததாகக் கேட்பாள் என்பதும் தெரிந்தது. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அவள் அப்போது என்னை எவ்வளவு நம்பி நின்றாள் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த மாதிரி ஒருவர் என் எதிரில் நின்றதே இல்லை.

"அவரா இருக்காதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றேன்.

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பி ஓடினாள். நான் உடனே கிளம்பினேன். என் போர்வையை இரண்டு மூங்கிலில் கட்டித் தூளி செய்தேன். காட்டுக்கூலிகள் மூன்று பேரைப் பிடித்து, முன்பக்கத்து மூங்கில் முனை ஒன்றை நானே தோளில் எடுத்துக்கொண்டேன். வழி முழுவதும் யாரோடும் மாற்றிக்கொள்ளவில்லை. செல்லம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். வழியெல்லாம் சேறு, அட்டை. பாதி தூரத்தில் முத்துமணிக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. "மச்சான், தண்ணி" என்றார். நிறுத்தி வாயில் ஊற்றினேன். பாதி உள்ளே போயிற்று. ரங்கத்துக் கூரைகள் தெரிகிற ஓடைக்கரை வரைக்கும் வந்துவிட்டோம். அங்கே இறக்கி வைத்தபோது உயிர் இல்லை. மூங்கில் அழுத்திய தழும்பு என் தோளில் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

ஹரிபதாவின் டிங்கி அன்றைக்கு முழுவதும் துறையில் கட்டித்தான் கிடந்ததாம். விஷயம் கேள்விப்பட்டு அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து, மழையில் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று. முத்துமணி தன்னைக் கண்டாலே கோபத்தில் எழுந்துவிடுவார், காய்ச்சல்காரரை ஏன் கிளற வேண்டும் என்று தானாகப் போகவில்லை. இதை அவர் அழுதுகொண்டே ஊரில் சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்ததும் அவர் மனைவி ஓடிவந்து செல்லத்தைக் கட்டிக்கொண்டாள். செல்லம் தள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். தள்ளவில்லை. அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து வங்காளியில் என்னவோ சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு ருக்குவுக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு. என் ஆபீசுக்கு அவர்கள் வரவில்லை. இரண்டு சந்தை நாள் டீக்குத் தண்ணீர் வைத்துக் காத்திருந்தேன். மூன்றாவது சந்தைக்கு நானே போய் விசாரித்தேன். சென்னையிலிருந்து அவள் தம்பி கப்பலில் வருகிறானாம். நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு மெயின்லேண்டுக்கே போய்விடப் போகிறாளாம். "பணமும் வரல, மாடும் இல்ல. யாரு எழுதுனாகன்னு தெரிஞ்சுக்கக்கூட எனக்கு ஆச இல்ல சார். போயிர்றோம்" என்றாள். ஹரிபதாவின் மனைவி அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரப் பலகை போட்டார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நிறுத்தி வைத்த உதவிகளை விசாரித்து முடிக்க நீங்கள் ரங்கத்துக்கு வந்திருப்பதாகப் பலகையில் ஒட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஒட்டிவிட்டு நடந்து வந்துவிட்டேன். நான் பயந்து வரவில்லை. என் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. ஆட்சேபணை எழுதியவன் நானே, அது பொய் என்று நானே சொன்னால், நீங்கள் வயலுக்குக்கூட வர வேண்டியதில்லை, இந்த மேசையிலேயே பணத்தை விடுவிக்கலாம். பணம் வந்தால் மாடு வாங்கலாம். உழுதால் நிலம் அவள் பெயருக்கே நிற்கும். தம்பி கப்பலில் தனியாகத் திரும்பிப் போகலாம். இவ்வளவும் யோசித்துத்தான் வந்தேன். தொகையை மறுபடி வெளியில் ஒட்டி, முறைப்படி எல்லாப் பாஷையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழிலும் வாசிக்க வேண்டும். இனி கேட்க ஒருவர்தான்.

முத்துமணி சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சர்க்கார் காசில் ஒரு பைசா தொட்டதில்லை. எழுதிய ஒரே ஒரு பொய்யையும் ஊர் நடுவில், மூன்று பாஷையில் வாசித்திருக்கிறேன். நான் என்ன செய்தேனோ அதெல்லாம் அவர்கள் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நீங்களும் குடும்பஸ்தர், உங்களுக்குப் புரியும்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, இனி நான் சொல்வது எழுத வேண்டியதில்லை. என் வேலை போய்விடும், தெரியும். ஜெயில் என்றாலும் போய் வருகிறேன். எனக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியும், வயல் ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் ஒரு ஆண் துணை இல்லை, ஐயா. பெண் குழந்தை வேறு. இத்தனை வருஷமாக இந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறேன். நானாகக் கேட்பது முறையில்லை. இதற்குப் பெரியவர் ஒருவர் போக வேண்டும். எனக்கு அப்படி யாருமில்லை. இந்தத் தீவில் நான் தமிழில் பேசக்கூடிய பெரியவர் நீங்கள் ஒருவர்தான். பணத்தைக் கொடுக்கக் கேவ்டா நல்லாவுக்குப் போகும்போது, கொஞ்சம் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போய், செல்லத்தை எனக்குக் கேட்பீர்களா?